அடுத்த படகு: ஆம்

படகுத்துறைப் பலகையில்
"அடுத்த படகு" என்று அச்சடித்திருக்கிறது.
பக்கத்துக் கட்டத்தில் நேரம் எழுத வேண்டும்.
யாரோ சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்:
"ஆம்."

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரை, ஜூன் மாதம்.
பதினொரு வண்டி, ஒரு பால் லாரி,
கூண்டுக்குள் கோபமாய் ஒரு வாத்து,
எதிரே கடல் இருக்கிறதா என்றே சந்தேகப்படவைக்கும் மூடுபனி.
வாத்தைத் தவிர எல்லோரும்
டல்ஸியின் சிற்றுண்டிக் கடைக்குள் வந்துவிட்டோம்.

"மாஸி" என்றார் ஹெட்லி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.
ஈரமும் மூட்டமும் லேசான வெதுவெதுப்பும் சேர்ந்து
சட்டைக்குள் குடியேறும் இந்த மாதிரி நாளுக்கு
இங்கே அதுதான் பெயராம்.
என் காதில் மாசிப்பனி மச்சைத் துளைத்தது.
இரண்டு சொல்லுக்கும் உறவில்லை.
பேருந்தில் அடுத்தடுத்து உட்கார்ந்த அந்நியர்கள்போல
ஒரே ஜாடை, அவ்வளவுதான்.

அங்கே தொடங்கியது.
போன வருட ஓத அட்டவணையைக் கிழித்து
பின்பக்கம் வெளியே தெரிய ஒட்டினாள் டல்ஸி.
"ஆளுக்கொரு சொல். ஜெயித்தால் கடைசி மீன் கட்லெட்."

அல்ஃபோன்ஸஸ் எழுதினார்: சிஷ்.
கடல்மேல் மிதக்கும் பொடிப்பனி,
படகின் பலகையில் அது உரசும் ஓசை,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர்.
"ஓசையெல்லாம் செல்லாது" என்றாள் டல்ஸி.
"சொல் என்றால் வேறென்னவாம்?" என்றார் அவர்.
அதற்கு அவளிடம் பதில் இல்லை,
காபி இருந்தது.

பால் லாரிக்காரருக்குச் சொல் வராதாம்,
வழியில் பார்த்த பலகைகள்தான் வருமாம்.
"எங்கள் நாய்க்குக் கண் தெரியாது.
ஆகவே ஆள் பார்த்துக் கடிக்காது."
"முடி வெட்டப்படும். வலை தைக்கப்படும்.
எது வேண்டுமென்று முதலிலேயே சொல்லவும்."
அப்புறம், நெடுஞ்சாலையில்,
"கடமான் கடக்கும் இடம்" என்பதன் கீழே
பேனாவில் ஒரு வரி:
"கடமானிடம் சொல்லியாயிற்றா?"

ஸீட்டா தன் கணவரைப் பார்க்காமலே சொன்னாள்:
"கண்ணீருக்கும் மீட்டர் ஓடுமென்று
மாமியார் சாவில் அழாத மனிதர்."
அவர் எழுந்து போய் எழுதினார்: ஸ்லிவீன்.
நம்பவே கூடாத போக்கிரி என்று பொருள்.
பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு
அவள் நாற்காலி வரை சுவரிலேயே நீட்டினார்.
"சுவரை நீங்கள்தான் துடைக்கிறீர்கள்" என்றாள் டல்ஸி.

மாரிவிக் மூன்று வருடமாய்
முதியோர் இல்லத்தில் நர்ஸ், செபுவிலிருந்து வந்தவள்.
டக்கிஷ் என்று சின்ன எழுத்தில் எழுதினாள்.
வெளிச்சம் போயும் இருட்டு வந்துசேராத பொழுது.
யாழ்ப்பாணத்தார் மம்மல் என்பார்களே, அது.
"வந்த புதிதில்," என்றாள்,
"டக்கிஷ் நேரத்தில் கரைக்கு வா என்றார்கள்.
வாத்துகள் வரும் நேரமாக்கும் என்று
ஒரு முழு ரொட்டியோடு போய் நின்றேன்.
நான்கு நாள்."
"வந்ததா?"
"நான்காம் நாள் ஒன்று வந்தது."

ஹெட்லி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
"உன்னால் செத்தேன், பெண்ணே!"
இந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அப்போது ரேடியோ கரகரத்தது. கேப்டன் குரல்:
"எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள்,
நீங்கள் இருக்கிற இடத்துக்கு
நான் வந்து இருக்கும்வரை."
யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.
நான் மட்டும் இரண்டு முறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்,
எத்தனை இடம், எத்தனை பேர் என்று.

ஊதல் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன.
கணவர் துணியைத் தேடினார்,
ஸீட்டா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.
தீர்ப்பு சொல்ல நேரமில்லாமல்
கட்லெட்டைக் காகிதத்தில் சுற்றி
மாரிவிக்கின் கையில் திணித்தாள் டல்ஸி.

வண்டித்தளத்தில் அவளைப் பார்த்தேன்.
கூண்டருகே குந்தி, ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள்.
வாத்து முகர்ந்தது,
மறுபக்கம் திரும்பிக்கொண்டது.
"இன்னும் டக்கிஷ் ஆகவில்லை" என்றாள் என்னிடம்,
மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு.